பன்னிரண்டே முக்கால்

"எந்த மரம்?" என்று கேட்டார் அவர்.

இலங்கையிலிருந்து என் சின்னய்யா போடும் கடித உறைகளில் ஒரு ஸ்டாம்பு ஒட்டியிருக்கும். ரப்பர் மரத்தைக் கீறிக்கொண்டு ஓர் ஆள் நிற்கிற படம். சின்னய்யா அங்கே தோட்டத்தில் அதே வேலைதான் செய்தார். அவருக்கு எழுதத் தெரியாது; கணக்கப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்வார். கடிதத்தில் இருக்கிற எழுத்தும் அவருடையதில்லை, பேச்சும் பாதி அவருடையதில்லை. அதனால் உறைக்குள் இருக்கும் கடிதத்தைவிட உறைமேல் நிற்கும் அந்த ஆள்தான் எனக்குச் சின்னய்யா. மாதக்கணக்காக அந்த ஸ்டாம்புகளை என்னிடம் கேட்டு வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து உரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒருநாள் சும்மா பேச்சுவாக்கில், "அந்த மரத்தைக் கீறிக்கிட்டு நிக்கறாருங்களே, எங்க சின்னய்யாவும் அப்படித்தான்" என்றேன். அப்போதுதான் அப்படிக் கேட்டார்.

படத்தை அவர் பார்த்ததே இல்லை. ஓரத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்.

அவருக்குச் சர்க்காரில் அம்மைப்பால் குத்துகிற உத்தியோகம். நான் கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் போர்டு பள்ளிக்கூட உபாத்தியாயர். கீழேயிருந்து மலைக்கு வந்த எங்கள் இருவருக்கும் சேர்த்து ஊர்க்கவுண்டர் ஒரே வீட்டைத்தான் ஒழித்துக் கொடுத்திருந்தார். புல் வேய்ந்த ஒற்றை அறை. கிழக்குப் பாதி என்னுடையது, மேற்குப் பாதி அவருடையது. என் பாதியில் ஒரு டிரங்குப் பெட்டியும் அதற்குள் நாலைந்து புத்தகமும். அவர் பாதியில் கால் வைக்க இடமிருக்காது. பழைய உறைகள், ஊறும் கிண்ணம், உலரும் துணி, இடுக்கி, பூதக்கண்ணாடி. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், எண்ணெய்த் துணியில் சுற்றிய பித்தளைத் தகடு.

அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஸ்டாம்பைக் கிழிப்பதற்கு வசதியாக ஓரத்தில் துளை போட்டிருப்பார்கள். கிழித்தபின் அந்த ஓரம் பல் பல்லாக நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை பல் என்று எண்ணுவதுதான் அவர் பைத்தியம். ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலையாக இருக்கும். ஆனால் ஒரு மெஷினில் துளை போட்டதில் பதினொன்றரைப் பல், இன்னொன்றில் பதிமூன்று, வேறொன்றில் பதிமூன்றரை. சேகரிக்கிறவர்களுக்கு இந்த மூன்றும் மூன்று வேறு ஸ்டாம்புகள். ஒன்று எங்கும் கிடைக்கும். இன்னொன்றுக்காக ஆயுள் முழுக்கத் தேடுவார்கள். தகட்டில் மேலிருந்து கீழாகப் புள்ளி வரிசைகள் இருந்தன; ஒவ்வொரு வரிசையும் ஓர் அளவு. ஸ்டாம்பின் ஓரத்தை ஒவ்வொரு வரிசையாக வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்த வரிசையில் துளைக்கொரு புள்ளி தப்பாமல் உட்காருகிறதோ அதுதான் அளவு. லண்டனுக்குப் போயிருந்த அவருடைய பெரியப்பா வாங்கிவந்த தகடு.

லண்டனுக்குப் போய்வந்த பெரியப்பா! என் பெரியப்பா சேந்தமங்கலம் சந்தையைத் தாண்டிப் போனதில்லை.

மலைப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் பல்லெண்ணி. அம்மை குத்தும்போது குழந்தை வாயைப் பிளந்து அழும். "அழு கண்ணு, நல்லா அழு. எத்தனை பல்லுன்னு பாக்கணும்" என்று வாய்க்குள் எட்டிப் பார்ப்பார். எண்ணி முடிவதற்குள் குத்தி முடிந்திருக்கும். ஒருதரம் கவுண்டர் வீட்டு அம்மாவின் மரச்சீப்பை வாங்கித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்து, "ஏழரை" என்றார்.

"ஐயோ சாமி, வெள்ளிக்கெழமை அதுவுமா ஏழரைங்கறீங்களே! எனக்கு இந்தச் சீப்பே வேண்டாமுங்க" என்று அந்தம்மா கையை உதறினார்.

"சரி, ஏழேகால்னு வெச்சுக்கங்க."

"அப்படிச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சீப்பை வாங்கித் தலையில் செருகிக்கொண்டார். இரண்டு வருஷம் அதே வீட்டுச் சாமைச்சோற்றைத் தின்றவன் நான். என்னிடம் அந்தம்மா ஒருநாள் சிரித்துப் பேசியதில்லை. "வாத்தியாரய்யா சாப்பிடறீங்களா?" அவ்வளவுதான்.

எனக்கு அவர்மேல் இருந்தது சீப்புக்கும் சிரிப்புக்குமான பொறாமை மட்டுமில்லை. அவருக்குத் தப்பு செய்வதில் பயமே கிடையாது. அதுதான் என்னைத் தின்றது.

அவர் அப்பா திருச்சியில் வக்கீல். தாத்தா ஹைஸ்கூலில் தலைமை உபாத்தியாயர். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம் என்று சொல்லியிருக்கிறார். இன்டர்மீடியட்டில் இரண்டு தரம் தவறி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இந்த உத்தியோகத்துக்கு வந்தவர். அதை ஒளிக்கவே மாட்டார். "ரெண்டாந்தரம் வாங்கின மார்க்கு முதல்தரத்தைவிடக் குறைச்சல், வாத்தியாரே! படிக்கப் படிக்க இறங்கியிருக்கு பாரும். அது எப்படி?" என்பார். கேலிக்குச் சொல்வதில்லை. எப்படி என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்.

நான் ஒரு தரம் தவறியிருந்தால் மறுநாள் ஏர் பிடித்திருப்பேன். காரவள்ளியில் எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா ரேகை வைப்பார். லீவுக்குப் போனால் ஊரில் உள்ள நோட்டீசு, மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கைக்கு வரும். ஓர் எழுத்தில் தட்டினால் போதும், "படிச்சவருக்கே தெரியலீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கிறவர் சாதாரணமாகத்தான் கேட்பார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். அவர் சாக்குக்கட்டியை என் கையிலிருந்து வாங்கித் திருத்தினார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

"எங்க, அந்தக் கணக்கைச் சொல்லும்" என்றார் இவர்.

சொன்னேன். சாம்பலைத் தரையில் பரப்பி விரலால் போட்டுப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நல்ல தப்பு வாத்தியாரே! இங்க ஒரு சைபரை விட்டுட்டீர். விடறவன் எல்லாம் இந்த இடத்துலதான் விடுவான். ஏன்னு யோசிச்சீரா?"

நல்ல தப்பு! எழுந்து ஓர் அறை விட்டிருக்கலாம் என்று இருந்தது. ஆனால் அவர் சாம்பலில் அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்திருந்தார்.

இன்னொன்று. பெரக்கரை நாட்டுக்கு அம்மை குத்தப் போனார். போன அன்றைக்கு அங்கே நோம்பி. ஊர் மொத்தமும் கோயிலுக்குப் போய்விட்டது. நாய்களைத் தவிர ஒருவரும் இல்லை. வெயிலில் சுமந்துபோன அம்மைப்பால் கெட்டுப்போனதுதான் மிச்சம். வேறு யாராக இருந்தாலும் ஜனங்கள் ஒத்துழைக்கவில்லை என்று மேலே எழுதியிருப்பார்கள். இவர் அடுத்த வாரம் போய் அந்த ஊர்க் கவுண்டரிடம், "நான்தான் நாள் தெரியாம வந்துட்டேன், கவுண்டரே. உங்க நோம்பியெல்லாம் எப்பெப்ப வருதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க" என்றாராம்.

"சர்க்கார் ஆளு தப்புன்னு சொல்லி இப்பத்தானுங்க கேக்கறேன்" என்று கவுண்டர் ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றைக்கே எல்லாக் குழந்தைகளும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். திரும்பி வரும்போது ஒரு குடுவை தேனும் ஒரு மூட்டை மிளகும் கொண்டுவந்தார். அதே ஊருக்கு நான் ஒரு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தேன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று. ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஒரு பிள்ளையும் வந்ததில்லை.

என் அம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை. மலையிறங்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அம்மா வைத்த குழம்பில் உப்பு போட மறந்திருந்தால் அதையும் சொல்லிவிடுவார், "அம்மா, இன்னிக்கு உப்பு விட்டுப்போச்சு. ஆனா இதுவும் ஒரு ருசியாத்தான் இருக்கு" என்று. அடுத்த முறை நான் தனியாகப் போனால் அம்மா வாசலில் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும்.

"அந்தத் தம்பி வாரலையா?"

"நான் வந்திருக்கேனே அம்மா."

"நீ வருவடா. நீ எங்க போயிருவ!"

அந்தக் கார்த்திகையில் மலையில் மஞ்சு இறங்கியது இறங்கியபடியே நின்றது. பட்டப்பகலில் பள்ளிக்கூடத்துப் பின்வரிசைப் பிள்ளைகள் தெரிய மாட்டார்கள். உப்புச் சட்டியில் தண்ணீர் நின்றது. தீக்குச்சியை உரசினால் மருந்து இழுகிக்கொண்டு வந்தது. துவைத்துப் போட்ட வேட்டி மூன்றாம் நாளும் ஈரமாகவே உடம்பில் ஏறியது. அப்படியொரு நாளில் சின்னய்யாவின் கடிதம் வந்தது. வழக்கம்போல உறையை அவரிடம் கொடுத்தேன். ஸ்டாம்புகளை ஊறப்போட்டு உரித்து, தம் பாதியின் மூலையில் துணிமேல் பரப்பினார். அடுப்போரம் வைத்தால் புகை படிந்துவிடும் என்று அங்கே வைக்கவே மாட்டார். பிறகு ஒரு காலையில், "வாத்தியாரே, கொஞ்சம் வாரும்" என்று கூப்பிட்டார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"அளவு பாரும். நான் ஒண்ணும் சொல்லலே. நீரே பாத்துச் சொல்லும்."

அவரோடு இருந்து இருந்து எனக்கும் அளக்கக் கை பழகியிருந்தது. பதிமூன்றில் வைத்தேன். முதல் பல் சரியாக உட்கார்ந்தது. கடைசிப் பல் எழுந்து நின்றது. பன்னிரண்டரையில் வைத்தால் அந்தப் பக்கம் தள்ளியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிசை இருந்தது. அதில் வைத்தேன். அட்டை கடித்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

"பன்னிரண்டே முக்காலுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கும் அதேதான். புஸ்தகத்துல இந்த அளவே கிடையாது. அப்படின்னா தெரியாத ஒரு மெஷின் எங்கேயோ ஓடியிருக்கு. உலகத்துல இதை யாரும் பார்த்ததில்லே, வாத்தியாரே. நாம ரெண்டு பேருந்தான் பார்த்திருக்கோம்."

நாம ரெண்டு பேரும் என்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பல்லை நாங்களே கத்தரித்துவிட்டோம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அன்றைக்கே அந்த ஸ்டாம்பை இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து, உறையில் போட்டு, அரக்கு வைத்து மூடினார். அரக்கின் ஓரமாக, சாட்சிக்கு என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். பிறகு சேலத்தில் இருந்த ஒரு டாக்டருக்கு எழுதினார். நெடுங்காலமாக ஸ்டாம்பு சேர்க்கிறவர். சீமையிலிருந்து வரும் ஸ்டாம்புப் பத்திரிகை ஒன்றுக்கு அவ்வப்போது எழுதுகிறவர். 'பொங்கல் லீவில் கொண்டு வாருங்கள், என் எதிரில் பிரிக்கலாம், அளவு சரியாக இருந்தால் கண்டுபிடித்தவர் பெயரோடு பத்திரிகைக்கு அனுப்புகிறேன்' என்று பதில் வந்தது.

அனுப்பவேண்டிய குறிப்பை இவர் அன்றைக்கே இங்கிலீஷில் எழுதிவிட்டு எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மேலே தம் பெயரைப் போட்டிருந்தார். ஸ்டாம்பின் நிறம், விலை, முத்திரை எல்லாம் சொல்லிவிட்டு, 'இது கொல்லிமலையில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு வந்த உறையில் எனக்குக் கிடைத்தது' என்று படித்தார். நான் காத்திருந்தேன். அடுத்து என் பெயர் வரும் என்று. அடுத்த வாக்கியம் ஆரம்பித்துவிட்டது.

"எப்படி வாத்தியாரே, இங்கிலீஷ் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்குங்க."

அதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். மரத்தைப் பார்க்காத மாதிரிதான் இதுவும். அவர் வீட்டில் அப்பா பெயர் கோர்ட்டுத் தீர்ப்புகளில் அச்சாகிறது, தாத்தா பெயர் பள்ளிக்கூடத்துக் கல்லில் இருக்கிறது. அச்சில் பெயர் வருவது ஒரு மனிதனுக்குத் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்ற நியாயமில்லை. எனக்கோ அந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது. எங்கள் வம்சத்தில் ஒரு பெயர் சீமை அச்சில், இங்கிலீஷ் எழுத்தில். உறை என்னுடையது. வியர்வை சின்னய்யாவுடையது. அளந்ததில் பாதி என்னுடையது. ஆனால், என் பேரையும் போடுங்க என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே போட்டிருப்பார் என்றும் தெரியும். கேட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து, அந்த அளவு பொய்யாகப் போய்விடாதா என்று நினைக்க ஆரம்பித்தேன்.

பொங்கலுக்கு இருவரும் இறங்கினோம். அம்மா அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தது. சேலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வண்டிக்காரர் ஒருவர் கேட்டார்:

"ஏனுங்க வாத்தியாரே, சீமைப் பேப்பர்ல உங்க பேரு வருதாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "வரும் வரும். ஸ்டாம்பே அவர் சின்னய்யா அனுப்பினதுதானே!"

ஊரே என் பெயரை எதிர்பார்க்கிறது. எழுதினவருக்கு அதில் என் பெயர் இல்லை என்பது நினைவில்கூட இல்லை. பஸ் ஏறினோம். அவர் ஜன்னல் வழியாகத் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

சேலத்தில் சுள்ளென்று வெயில். டாக்டர் வீட்டுக் கூடத்தில் காற்றே காய்ந்து கிடந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரக்கைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், பிரித்தார். இடுக்கியால் ஸ்டாம்பை எடுத்துப் பித்தளைத் தகட்டில் வைத்து நகர்த்தினார். நின்றார். மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்து நகர்த்தினார்.

"பதிமூணுன்னா காட்டறது" என்றார்.

இவர் வாங்கிப் பார்த்தார். பதிமூன்று. என்னிடம் நீட்டினார். முதல் பல்லும் உட்கார்ந்தது, கடைசிப் பல்லும் உட்கார்ந்தது. எங்கும் கிடைக்கிற பதிமூன்று.

எனக்கு அந்த நிமிஷம் இனித்தது. மெல்ல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். காது மடல் சிவந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு தரம் பரீட்சையில் தவறினபோது பார்க்கக் கிடைக்காததை இப்போது பார்க்கப்போகிறோம் என்று நினைத்தேன்.

"வாத்தியாரே, அன்னிக்குத் தீக்குச்சி பத்துச்சா?" என்றார்.

"என்னிக்குங்க?"

"அளந்தோமே, அன்னிக்கு. பத்தலையே! கவுண்டர் வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கிவந்தீரே! உப்பு தண்ணியா நின்னுச்சே!" அதற்குமேல் எனக்காக நிற்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினார். "காகிதம் ஊதியிருக்கு, சார். மஞ்சுல ஊறி நீண்டிருக்கு. தகடு பித்தளை, அது நீளாது. காகிதம் நீண்டா பல்லு தள்ளிப்போகும், ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள எண்ணிக்கை குறையும். கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?"

வந்தது. அந்த ஆவியில் ஸ்டாம்பை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, முயல் பிடிக்கிறவன் மாதிரி தரையில் குந்திக்கொண்டார். சற்று நேரத்தில் டாக்டரும் நாற்காலியை விட்டு இறங்கிப் பக்கத்தில் குந்திவிட்டார். எடுத்துப் பதிமூன்றில் வைத்தார்கள். கடைசிப் பல் எழுந்து நின்றது.

"பன்னிரண்டே முக்கால்!" என்று கத்தினார் இவர்.

"ஒரு கால் குறைச்சலா?" என்று டாக்டரும் தலையை நுழைத்தார். "ஆமாய்யா! இதுக்குத்தான் நானும் கோயமுத்தூர்க்காரரும் பத்து வருஷமாக் கடுதாசியில சண்டை போட்டுண்டு இருக்கோம். அவர் நீலகிரிப் பக்கம் போய் அளந்தா ஒண்ணு சொல்வார், நான் இங்க அளந்தா வேற ஒண்ணு வரும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குருடன்னு எழுதிண்டோம். நீர் இதை எழுதும். ஸ்டாம்பைப் பத்தி வேண்டாம், இந்த ஈரத்தைப் பத்தி எழுதும். நான் அனுப்பறேன்."

வேறு ஓர் ஆளாக இருந்தால், உலகத்தில் ஒன்றே ஒன்று என்று நினைத்த பொருள் கையில் சாதாரணமாகிப் போன துக்கத்தை ஒரு நாளாவது பட்டிருப்பான். இவர் அங்கேயே தாள் கேட்டு வாங்கி எழுத உட்கார்ந்துவிட்டார். 'நாங்கள் ஏமாந்த விதம்' என்று ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"வாத்தியாரே, உம்ம பேருக்கு இங்கிலீஷ் எழுத்து எப்படிப் போடுவீர்? சொல்லும்."

"என் பேரு எதுக்குங்க?"

"நீரும்தானே அளந்தீர்? ஒருத்தன் ஏமாந்தா அது முட்டாள்தனம். ரெண்டு பேர் தனித்தனியா அளந்து ஒரே மாதிரி ஏமாந்தா அது ஆராய்ச்சி. நீர் இல்லாட்டா இதுக்கு மதிப்பே இல்லே. சொல்லும், முதல் எழுத்து என்ன?"

டாக்டர் சிரித்தார். இவர் பேனாவை மையில் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த வண்டிக்காரர் முகம் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் முகம் தெரிந்தது. வாத்தியார் தப்பாக அளந்தாராம், சீமைப் பேப்பரில் போட்டிருக்கிறது என்று காரவள்ளியில் யாராவது படித்துச் சொல்வது காதில் கேட்டது. படித்துச் சொல்ல என்னைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"வேண்டாங்க. என் பேரைப் போடாதீங்க."

"ஏன்?"

"வேண்டாமுங்க."

இரண்டு மூன்று தரம் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் டாக்டரிடம் திரும்பி, "எங்க வாத்தியாருக்கு ரொம்ப அடக்கம், சார்" என்றார். நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னார். அந்த அடக்கம் என்ற வார்த்தையைச் சுமந்துகொண்டு நான் மலையேறினேன்.

பத்திரிகை வந்து சேர்ந்தபோது அவருக்குத் தர்மபுரிப் பக்கம் மாற்றலாகியிருந்தது. டாக்டர் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கட்டுரை. மேலே அவர் பெயர் கெட்டியான எழுத்தில், இனிஷியல்கள் தவறாமல். நடுவில் ஓர் இடத்தில், 'தம் பெயரை வெளியிட விரும்பாத ஒரு பள்ளி ஆசிரியர் தனியாக அளந்தும் இதே முடிவுக்கு வந்தார்' என்று இருந்தது. தப்பாக அளந்தார் என்று எங்குமே இல்லை. எங்கள் இருவர் கையும் சரியாகத்தான் அளந்தன, காகிதம்தான் நீண்டது என்று தெளிவாக, மரியாதையாக எழுதியிருந்தார்.

அம்மா கேட்டது. "பேரு வந்துச்சா?"

"அவரு பேரு வந்திருக்கு."

"அந்தத் தம்பி பேரா? எங்க, காட்டு." விரலை வைத்துக் காட்டினேன். அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. "நல்லா இருக்கட்டும்" என்றது.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு. 'வாத்தியாரே, கட்டுரையைப் படித்துவிட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னதில் பாதி தப்பாம். காகிதத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் நீளுமாம். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. உமக்கு வேறு ஸ்டாம்பு வந்ததா?' அவ்வளவுதான் எழுதியிருந்தார். கார்டை ஒரே மூச்சில் மூன்று தரம் படித்தேன். பாதி தப்பு என்று மூன்று அந்நியர்கள் எழுதினால் சந்தோஷப்படுகிற மனசு ஒரு மனிதனுக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? வக்கீல் அப்பாவும் சுவர் முழுக்கப் புத்தகமும் இருந்தால் கிடைக்குமா? அவர் அண்ணனுக்கும் அதெல்லாம் இருந்தது. அந்த அண்ணன் ஒரு சிடுமூஞ்சி என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே அதுவும் காரணமில்லை. காரணம் தெரிந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

நான் பதில் எழுதவில்லை. ஸ்டாம்பு வந்தது. சின்னய்யா எழுதிக்கொண்டுதான் இருந்தார். உறைகளைப் பெட்டியில் போட்டு வைத்தேன். எப்போதாவது எடுத்தால் மரத்தைத்தான் பார்க்கப் பார்ப்பேன்; கண் ஓரத்துக்குப் போய்விடும். அந்த ஆளைப் பார்க்கிற பார்வையையும் அவர் கெடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் திருப்பிப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. முதலிலிருந்து கடைசி வரை அவர் பெயரை எங்கேயும் எழுதாமலே வந்திருக்கிறேன். மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். மறந்துவிடவும் இல்லை, இனிஷியல் உட்பட நினைவிருக்கிறது. எழுதினால் அவர் ரொம்ப சந்தோஷப்படுவார்.

அதனால்தான் எழுதவில்லை.